தேவகி ஏன் கண் சிமிட்டவில்லை

தறியிலிருந்து அறுத்தெடுத்த சேலையை விரித்ததும் முனிரத்தினத்துக்குக் கோபம் தலைக்கேறியது. சேலையின் உடல் பகுதியில் ஒரு குறை கிடையாது. கரையில்தான், அதுவும் இரண்டு பக்கமும், அறுந்த இழைகளைக் கவனிக்காமலே நெய்திருந்தாள் அவன் மனைவி தேவகி. இது மூன்றாவது சேலை.

“பக்கத்துல இருக்கிறது தெரியலைங்க. தலையும் வலிச்சிக்கினே இருக்குது,” என்றாள்.

“கண்ணாடிக் கடையில கண்ணு பாக்குற எழுத்துப் பலகைய கடைசி வரி வரைக்கும் படிச்சியே, அது இன்னா கண்ணு?”

பக்கவாட்டில் நின்று கை ஓங்கினான். அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. எத்தனை திமிர் என்று கன்னத்தில் ஓர் அறை விட்டான். கட்டிய மனைவியின் சொல்லைவிடக் கண்ணாடிக் கடைப் பலகை பெரிதாகப் போயிற்று அந்த மனுஷனுக்கு.

மறு வாரம் ராஜ வீதியில் பக்கவாட்டில் வந்த குதிரை வண்டியைக் காணாமல் அதற்குக் குறுக்கே நடந்து காலை முறித்துக்கொண்டாள். கட்டுப்போட்ட டாக்டருக்குச் சந்தேகம் தட்டியது. மூளை, நரம்புக் கோளாறால் பார்வை குறைந்தவர்களைப் பார்ப்பதற்கென்றே சென்னையில் இருந்த நிபுணருக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார்.

“என் மூக்கை மட்டும் பாரும்மா,” என்ற நிபுணர், பக்கவாட்டிலிருந்து அவள் முகத்தருகே கையை வேகமாகக் கொண்டுவந்தார். தேவகி சிமிட்டவில்லை. மறுபக்கமும் அப்படியே.

முனிரத்தினம் தன் கையைப் பார்த்தான். இதே பக்கம் நின்றுதான் அன்று இதே கையை ஓங்கியிருந்தான்.

எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “கண்ணுல கோளாறே இல்ல. மூளைக்கு அடியில கட்டி. கண் நரம்பை அழுத்துது. ரெண்டு பக்கப் பார்வையும் போயிடுச்சு. எத்தனை நாளா இப்படி?”

“ஒண்ணரை வருசமா சொல்லிக்கினுதான் இருக்கேன் டாக்டர்,” என்றாள் தேவகி. பிறகு கணவன் பக்கம் முழுசாகத் திரும்பினாள். “அடி விழுந்தப்புறம்தான் எனக்குத் தெரியும். எங்கேருந்து வருதுன்னு தெரியாது.”

 முனிரத்தினம் அடித்த கையை எங்கே வைப்பதென்றே தெரியாமல் நின்றான்.

அறுவை சிகிச்சையில் கட்டி போயிற்று. போன பார்வையில் பாதிதான் திரும்பியது. முன்பே வந்திருந்தால் முழுவதும் திரும்பியிருக்கும் என்றார் நிபுணர்.

சில மாதம் கழித்து, அடுத்த வீட்டு வீராசாமி அலுத்துக்கொண்டான்: “எம் பொண்டாட்டிக்கு எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதாம்பா. கண்ணு நல்லாத்தான் இருக்குது, வேலை செய்யக் கள்ளம் பண்ணுது.”

முனிரத்தினம் தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தான்.

“கண்ணு நல்லா இருந்தாலும் நரம்பு கெட்டிருக்கும்பா. அதுக்குன்னு டாக்டருங்க இருக்காங்க. தெரியலன்னு சொன்னா மொதல்ல நம்பு. நான் நம்பாம கை ஓங்கினேன். நீ ஒம் பொண்டாட்டி கையப் புடிச்சு நாளைக்கே கூட்டினு போ.”