நுழைய மறுத்த ஒட்டுண்ணி

அவள் செய்தது கொசு ஆராய்ச்சி. ஆனால் அவளுடைய ஆய்வறையில் மருந்துக்குக்கூட ஒரு கொசு கிடையாது. கொசுவின் செல்களை மட்டும் குடுவையில் வளர்த்து, மலேரியா ஒட்டுண்ணி அவற்றுக்குள் எப்படிப் புகுகிறது என்று பார்ப்பதுதான் முனைவர் பட்டத்துக்கான வேலை. செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சல், கல்யாணம் எதுவும் தெரியாது. வேளாவேளைக்குத் திரவம் மாற்றியாக வேண்டும்.

நாலு வருடம் ஆகியும் ஒட்டுண்ணி புகவேயில்லை. எத்தனை முறை விட்டாலும் வாசலோடு திரும்பியது. வேறு யாராவது என்றால் எங்கேயோ தப்பு என்று யோசித்திருப்பார்கள். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் மகா மூளைக்காரர் ஆயிற்றே!

"இது மலேரியாவை எதிர்க்கிற கொசும்மா! எங்கேயோ போயிட்டோம்!"

இரண்டாம் வருடமே கட்டுரை வெளிவந்தது. மனிதர் மேடை மேடையாக ஏறிப் பேசினார்.

பட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, வேறொரு ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் அந்தச் செல்களைக் கேட்டு எழுதினாள். அனுப்புவதற்கு அடையாளச் சான்று வேண்டும் என்று டிஎன்ஏ சோதனைக்குக் கொடுத்தாள் இவள். அந்துப்பூச்சி என்று முடிவு வந்தது.

பக்கத்து மேசையில் அந்துப்பூச்சிச் செல்கள் வளர்ந்தன. சிக்கனமாம், இரண்டு மேசைக்கும் ஒரே திரவ பாட்டில். இவள் வருவதற்கு முன்பே எந்தப் புண்ணியவானோ திரவம் எடுக்கும் குழாயை மாற்றாமல் விட்டிருக்கிறார். ஒரு சொட்டில் போன அந்துச் செல்கள் பெருகிக் குடுவையையே வளைத்துப்போட்டுவிட்டன. இத்தனை படித்தவர்கள் இருந்த அறையில், அது கொசு இல்லை என்று புரிந்துகொண்டது ஒட்டுண்ணி மட்டும்தான்.

முடிவைப் பார்த்ததும் பேராசிரியர் கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்ல சார்."

"அப்போ தெரியவே வேண்டாம். ஃப்ரீசர் ரிப்பேர், செல்லெல்லாம் போச்சுன்னு அந்தப் பொண்ணுக்கு எழுதிடு. அடுத்த மாசம் நீ டாக்டர்."

"நாலு வருஷம் சார்..." அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. "நான் உண்மையைத்தான் எழுதப்போறேன்."

"பட்டம் போயிடும்மா!"

"தெரியும் சார்."

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி இதழுக்கு எழுதினாள். அந்தப் பெண்ணுக்கும் நடந்ததை ஒளிக்காமல் எழுதினாள். மறுநாள் பதில் வந்தது.

"உங்கள் கட்டுரையில் சொன்னது என் கொசுச் செல்களில் ஒரு முறைகூட வரவில்லை. ஒன்றரை வருடமாக என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். போன வாரம் ஆய்வை விட்டுவிடுவதாகக் கடிதம் கொடுத்திருந்தேன். இன்று காலை போய் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்."