ஒரு கைக்கு அடங்காதது

ஆறடியின் முதுகுக்குப் பின்னால் நின்று அவர் பெல்ட்டில் மைக் பெட்டியை மாட்டியது நான்தான். அதன் தலையில் இருந்த குட்டி சுவிட்சை அணைத்ததும் நான்தான். கை தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. வேண்டுமென்றே செய்தேன், நிதானமாகச் செய்தேன். இன்னொரு வாய்ப்புக் கிடைத்தால் இன்னும் நன்றாகச் செய்வேன்.

ஆறடி என்பது நாங்கள் வைத்த பெயர். எங்கள் போன் கம்பெனியில் புது மாடல்களை முடிவு செய்யும் பிரிவுக்கு அவர்தான் தலைவர். ஆளும் உயரம், பேச்சும் உயரம். நான் அவருக்குக் கீழே, பரிசோதனை அறையில் இருந்தேன். ஒரு போனைப் பிடித்தால் கட்டைவிரல் எதுவரை எட்டும், மணிக்கட்டு எப்போது வலிக்கும், எந்த அளவுக்கு மேல் கையை விட்டு நழுவும் என்று பார்ப்பது என் வேலை. எந்நேரமும் எதையாவது அளந்துகொண்டிருப்பதால் ஆபீசில் என்னை 'ஸ்கேல்' என்று கூப்பிடுவார்கள்.

எங்கள் அறையில் ஒரு சுவர் முழுக்கக் கைகள். கம்பெனியில் யார் சேர்ந்தாலும் உள்ளங்கையைத் தாளில் விரித்து வைக்கச் சொல்லி, சுற்றிலும் பென்சிலால் வரைந்து சுவரில் ஒட்டிவிடுவோம். ஆறடியின் கையும் அங்கே இருந்தது. தாம்பாளம் போல அகலம். வெளியாட்கள் வந்தால் அவரே அதைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வார். மற்றவர்கள் கவனிக்காத ஒன்றை நான் கவனித்து வைத்திருந்தேன். அகலமெல்லாம் உள்ளங்கைக்குத்தான், கட்டைவிரல் குட்டை. என் அக்காவின் கட்டைவிரலுக்கும் அதற்கும் நீளத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது.

அக்காவுக்கு ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு இடது கை எதையும் பிடிக்காது. தோளிலிருந்து சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து அழுகிற ரகமில்லை. கதவைத் தள்ள இடுப்பு, பாட்டில் மூடியைத் திருக முழங்கால் இடுக்கு, கவரைக் கிழிக்கப் பல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுத்தாள். வாய் மட்டும் நீளம். கணக்குத் தப்பாகப் போட்ட பையன் அவளிடம் மாட்டினால் அவன் அப்பாவுக்கும் சேர்த்து விழும்.

புது மாடல் எங்கள் அறைக்கு வந்தபோது அதைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. போனா அது, பலகை. சட்டைப் பையில் வைத்தால் பாதி வெளியே நின்றது. ஒரு கையில் பிடித்து மேல் மூலையைத் தொடப் போனால், கட்டைவிரலின் அடிச்சதை கீழே இருக்கிற கேமரா பட்டனில் அழுந்தியது. ஒவ்வொரு தடவையும் கேமரா திறந்துகொண்டு நம் மோவாயையே நமக்குக் காட்டியது. இது ரொம்பப் பெரிது என்று போய்ச் சொன்னேன்.

"பெரிசுதாம்மா இப்ப எல்லாரும் கேக்கறாங்க. நீ ஆளே அரையடி, உனக்கு எதைக் குடுத்தாலும் பெரிசாத்தான் தெரியும்" என்றார் ஆறடி.

"என்னை விடுங்க சார். வெளியிலேர்ந்து ஆளுங்களை வரவெச்சுப் பாத்துடலாம்."

"பாரேன், யாரு வேணாம்னாங்க?"

பலரை வரவழைத்தேன். குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவர்கள், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பவர்கள், பை தூக்குபவர்கள் என்று உலகத்தில் பாதிப் பேருக்குப் போன் பிடிக்க ஒரு கைதான் மிச்சமிருக்கிறது. அதை எடுத்துக்காட்ட அக்காவைவிடச் சரியான ஆள் இல்லை என்று அவளையும் அழைத்தேன். "நான் என்ன காட்சிப்பொருளா?" என்றாள். கெஞ்சிக் கூத்தாடித்தான் கூட்டிவந்தேன்.

பரிசோதனை மேசைக்கு மேலே எப்போதும் ஒரு கேமரா ஓடும். அக்கா மேல் மூலையைத் தொட முயன்றாள். போனின் கேமரா திறந்துகொண்டது. மூடிவிட்டு மறுபடி முயன்றாள். மறுபடி திறந்தது. அவளுக்குத்தான் எதற்கும் ஒரு வழி உண்டே, போனின் அடியை நெஞ்சில் முட்டுக்கொடுத்து, மோவாயால் தள்ளி மேலே ஏற்றிப் பிடிக்கப் பார்த்தாள். அது வழுக்கி அவள் மூக்கில் அறைந்துவிட்டுத் தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் நிமிரும்போது மேசையில் நங்கென்று தலையை இடித்துக்கொண்டாள். "உங்க கம்பெனிக்காரனை வரச் சொல்லு, நாலு வாங்கு வாங்கறேன்" என்று என்னிடம் சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனாள். நானும் சிரித்தேன். அறிக்கையை எழுதி அனுப்பினேன்.

அடுத்த வாரக் கூட்டத்தில் ஆறடி என் அறிக்கையைத் திறக்கவேயில்லை. விளக்கை அணைக்கச் சொல்லி, திரையில் ஒரு படத்தைப் போட்டார். என் அக்கா. நெஞ்சில் முட்டுக்கொடுக்கும் இடத்தில் மெதுவாக ஓடவிட்டு, மூக்கில் விழும் இடத்தில் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் சேர்த்திருந்தார். தலையை இடிக்கும் இடத்தில் இன்னொரு டொய்ங். அவள் தொங்கும் கையைச் சுற்றி ஒரு வட்டம்கூடப் போட்டிருந்தார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அவங்க எங்க அக்கா சார்" என்றேன்.

"அதனால என்னம்மா, வேடிக்கைக்குத்தானே. போன் ஒண்ணும் பெரிசில்ல, உங்க அக்காவுக்குக் கைதான் பத்தல" என்றார். அதற்கும் சிரிப்பு. போன் அதே அளவில் வருவது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. என் அறிக்கைக்குப் பதில் சொல்வதாக நினைத்து விளம்பர வாசகத்தையும் அவரே எழுதினார்: 'உலகமே ஒரு கையில்.'

அந்தப் படம் ஆபீஸ் குரூப்பில் வந்தது. அங்கிருந்து வெளியே போனது. யார் அனுப்பினார்களோ, ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில் ஒரு ட்யூஷன் பிள்ளையின் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாள் வெகுளியாக அக்காவுக்கே அதை அனுப்பி, "டீச்சர், இது நீங்களா?" என்று கேட்டிருந்தாள்.

அன்று மாலை நான் வீட்டுக்குப் போனபோது முன்னறையில் பிள்ளைகள் இல்லை. அக்கா கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்ப. நான் வாயைத் திறப்பதற்குள், "நீ எதுவும் சொல்லாத" என்றாள். நாளடைவில் ட்யூஷனையே நிறுத்திவிட்டாள். கடைக்குப் போவதில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் இடது கையைத் துண்டால் மூடிக்கொண்டாள். சாப்பிடும்போது பொட்டலத்தைப் பல்லால் கிழிக்கப் போனவள், நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அப்படியே கீழே வைத்துவிட்டாள். அந்த ஆளைச் சும்மா விடுவதில்லை என்று அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துதான் முடிவு செய்தேன்.

புகார் கொடுத்துப் பார்த்தேன். "நகைச்சுவை உணர்வு வேணும்" என்று பதில் வந்தது. சரி, வளர்த்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அறிமுக விழாவுக்குப் பெரிய அரங்கம். வியாபாரிகள், பத்திரிகைக்காரர்கள், கம்பெனி முதலாளி எல்லோரும் வந்திருந்தார்கள். மேடையில் தன்னையும் போனையும் தவிர ஒன்றும் இருக்கக்கூடாது என்பது ஆறடியின் உத்தரவு. மேசை வேண்டாம், மைக் ஸ்டாண்டு வேண்டாம், சட்டைக் காலரில் குத்தும் மைக் போதும். போனில் தெரிவதெல்லாம் பின்னால் ஒரு பெரிய திரையில் தெரியும். ஒத்திகையை நான் கவனித்தேன். வலது கையில் போனைப் பிடித்துக்கொண்டு 'உலகமே ஒரு கையில்' என்று சொல்லும்போதெல்லாம், இடது கை பூனை மாதிரி வந்து அடியில் தாங்கிக்கொள்ளும். அவருக்கே அது தெரியாது. எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு கையை எடுத்துவிட்டால் போதும்.

மைக் செட்டைப் பார்த்துக்கொள்ளும் மைக்காரர் வேறொரு வேலையில் இருந்தார். "ஸ்கேல், இதைக் கொஞ்சம் மாட்டிவிடு" என்று ஆறடியே முதுகைக் காட்டினார். மாட்டிவிட்டேன்.

கைதட்டலோடு மேடை ஏறினார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பின்வரிசையிலிருந்து யாரோ கேட்கவில்லை என்று கத்தினார்கள். மைக்காரர் ஓடிவந்து ஒரு கை மைக்கை நீட்டிவிட்டு, கோட்டைத் தூக்கிப் பெட்டியைப் பார்க்கப் போனார். அத்தனை பேர் முன்னால் கோட்டைத் தூக்கவிட ஆறடிக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. "விடுங்க, இதுவே போதும்" என்று மைக்கை வாங்கிக்கொண்டார், இடது கையில்.

"உலகமே ஒரு கையில்" என்று தொடங்கிக் கட்டைவிரலை மேல் மூலைக்கு நீட்டினார். பின்னால் பெரிய திரையில் அவர் மூக்கின் இரண்டு துவாரங்களும் வந்து நின்றன. அரங்கத்தில் லேசாக ஒரு சிரிப்பு. மூடிவிட்டு மறுபடி நீட்டினார். மறுபடி மூக்கு, இந்த முறை மோவாயின் கீழே தொங்கும் சதையோடு. "புது போன், கொஞ்சம் வெக்கப்படுது" என்று சமாளித்தார். போனை வைக்க மேசை இல்லை. மைக்கை வைக்க ஸ்டாண்டு இல்லை. வியர்வையில் பிடி வழுக்க ஆரம்பித்தது. நான் திரைச்சீலையின் ஓரத்தில் நின்று பார்த்தேன்.

பிறகு அவர் அதைச் செய்தார். போனின் அடியை நெஞ்சில் முட்டுக்கொடுத்து, மோவாயால் தள்ளினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் அக்கா செய்ததை அப்படியே செய்தார். போன் வழுக்கி மூக்கில் அறைந்தது. பதறிப்போய் மைக்கைக் கீழே விட்டு இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டார். மைக் விழுந்த சத்தம் இடி மாதிரி அரங்கம் முழுக்க அதிர்ந்தது. முதல் வரிசையில் முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. மற்ற எல்லோரும் சிரித்தார்கள். நூறு கைகள் தங்கள் தங்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தன.

மேடைக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் ஆறடி மைக்காரரின் மேல் பாய்ந்துகொண்டிருந்தார். அந்த மனுஷன் பாவம், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அதற்கு நான் இடம் கொடுக்கவில்லை.

"அவரை ஏன் திட்டறீங்க சார். சுவிட்சை ஆஃப் பண்ணது நான்."

ஆறடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூக்கு சிவந்திருந்தது. "எதுக்கும்மா இப்படிப் பண்ணே? போன் பெரிசுன்னு நிரூபிக்கவா?"

"போன் ஒண்ணும் பெரிசில்ல சார். உங்களுக்குக் கைதான் பத்தல."

அவருக்கு அந்த வாக்கியம் ஞாபகம் வர ஒரு நொடி பிடித்தது. வந்ததும் முகம் மாறியதை நான் நிதானமாகப் பார்த்தேன். வேலை போய்விட்டது என்று அவர் கத்துவதற்கு முன்பே அடையாள அட்டையைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். அவர் இன்னும் அந்தப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்ததால் அட்டை கீழே விழுந்தது.

பஸ்ஸில் வரும்போதே யாரோ எடுத்த படம் எனக்கு வந்து சேர்ந்தது. மோவாய் தள்ளும் இடத்தில் மெதுவாக ஓடவிட்டு, மூக்கில் விழும் இடத்தில் ஒரு டொய்ங் சேர்த்தேன். அவர் போட்ட அதே டொய்ங். தெரிந்த எல்லோருக்கும் அனுப்பினேன். கூச்சப்படவில்லை.

வீட்டில் அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "உனக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன்" என்று என் பழைய சின்ன போனை அவள் வலது கையில் வைத்தேன். அந்தப் போனில் அவள் கட்டைவிரல் எல்லா மூலையையும் தொடும். பார்க்க ஆரம்பித்தாள். மூக்குத் துவாரம் வந்தபோது உதடு துடித்தது. மோவாய் வந்தபோது, எத்தனையோ நாளுக்குப் பிறகு, வாய்விட்டுச் சிரித்தாள்.

"தள்றான் பாரு, தள்ளத் தெரியாம. நான் இதைவிட நல்லாத் தள்ளினேன்."

"நீ எங்க, அவன் எங்க."

"மறுபடி போடறேன் இரு."

இரண்டாம் முறையும் சிரித்தாள். மூன்றாம் முறை ஓடும்போது ஓரிடத்தில் கட்டைவிரலால் நிறுத்தினாள். மைக் காற்றில் இருந்தது. ஆறடியின் இடது கை விரிந்து போனைப் பிடிக்க வந்துகொண்டிருந்தது.

"இங்க பாரு" என்றாள்.

"மைக்கைப் போட்டுட்டான். என்ன சத்தம் தெரியுமா? காது கிழிஞ்சிடுச்சு."

"அது இல்ல." அவள் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டு நழுவி அவளுடைய இடது கை மடியில் கிடந்தது. "கஷ்டம்னு வந்ததும் அவனுக்கு இன்னொரு கை வந்துடுச்சு பாத்தியா."

ஒரு கையை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டேன் என்றுதான் பஸ்ஸில் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். அக்கா துண்டை எடுத்து மறுபடி மூடிக்கொள்ளவில்லை. படத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

"சத்தத்தைக் கூட்டு. அந்த டொய்ங் சரியாக் கேக்கல" என்றாள்.