மூன்று நிமிஷக் குற்றம்

காலை ஒன்பதரைக்கு முதல் மணி அடித்த பிறகு வகுப்புக்குள் நுழைகிறவர்களுக்கு வருகை கிடையாது என்று சட்டம் போட்ட மனிதர், மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு நாளாவது படகேறி வந்திருக்க மாட்டார். வந்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். ஒன்பது இருபதுக்கு எறணாகுளம் ஜெட்டியில் சேர வேண்டிய படகு, துறைமுகத்துக் கப்பல்களுக்கு வழிவிட்டு, எதிர்நீரில் முக்கி முனகி, ஒன்பது முப்பதுக்கு முன்னால் கரை தொட்டதாகச் சரித்திரமே இல்லை. அதற்கென்ன, சட்டம் போடுகிறவர்களுக்குக் கல்லூரிக்குப் பின்னாலேயே வீடு இருக்கிறது.

மட்டாஞ்சேரிக் கொச்சங்காடி நஜ்முதீன் ராவுத்தரின் மகள் நசீபா ஐந்து வருஷமாக அந்தப் படகில்தான் போய் வந்தாள். 1963இல் அவள் எம்.ஏ. பொருளாதாரம் கடைசி வருஷம். பேராசிரியர் விஸ்வேஸ்வரன் அவளுக்கு ஓர் ஆய்வு கொடுத்தார்: கல்லூரி வளாகத்தில் என்னென்ன புதுமுறைகள் வந்திருக்கின்றன, யார் தொடங்கினார்கள், என்ன பலன். மழைக்காலம் முடிந்ததும் பல்கலைக்கழகக் குழு பார்வையிட வருகிறது. அவர்கள் முன்னால் அவளே வாசிக்க வேண்டும்.

நசீபா துறை துறையாக ஏறி இறங்கிப் பதினாறு புதுமுறைகளைச் சேர்த்தாள். எல்லாம் பெரிய மனிதர்கள் கண்டுபிடித்தவை. யோசனைப் பெட்டி ஒன்று. அதன் சாவியை மூன்று வருஷமாகக் காணோம். நூலகத்தில் 'திறந்த அலமாரி முறை'. அலமாரிகள் திறந்திருக்கும், நூலகம் பூட்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் உரிமை கொண்டாட, பெயருக்குப் பின்னால் முழ நீளம் பட்டம் போட்ட ஒருவர் தயாராக இருந்தார்.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. பலன் என்று எழுத ஒன்றுமே இல்லையா என்று பழைய வருகைப் பதிவேடுகளைப் புரட்டினாள். அங்கேதான் விஷயம் கிடைத்தது. 1952 வரை ஒவ்வொரு வருஷமும் மட்டாஞ்சேரிப் பக்கத்துப் பிள்ளைகள் எட்டுப் பேர், பத்துப் பேர் வருகை போதாமல் பரீட்சை எழுத முடியாமல் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒருவர்கூட இல்லை. படகு அதே படகு, நேரம் அதே நேரம். சுற்றறிக்கை எதுவும் இல்லை. பிறகு எப்படி?

ஒரு வாரம் முந்தின படகில் போய், மாடி வராந்தாவில் கடிகாரத்தோடு நின்று பார்த்தாள். மணியடிக்கும் பியூன் பாலையா, மட்டாஞ்சேரிக்காரர், கையில் மரக் கொட்டாப்புளியோடு, எதிரே தெரிந்த ஜெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது முப்பது ஆனது. அவர் அசையவில்லை. படகு கரை தொட்டு, கடைசிப் பிள்ளையும் வாசலுக்குள் ஓடி வந்த பிறகுதான் அடித்தார். பிந்தின மூன்று நிமிஷத்தைப் பதினொரு மணி இடைவேளையில் கழித்து நேர் செய்துவிட்டார். பாடம் ஒரு நிமிஷமும் குறையவில்லை. பேராசிரியர்களோ தங்கள் கைக்கடிகாரம்தான் வேகமாக ஓடுகிறது என்று நினைத்து, மணியைக் கேட்டு முள்ளைத் திருப்பிக்கொண்டார்கள்.

"பாலையாண்ணே, படகு வர்றதுக்காகத்தானே நிக்கிறீங்க?" என்று நசீபா கேட்டாள்.

"ஏய், அதொண்ணுமில்ல மோளே. கை வலி. செத்த நின்னுட்டு அடிப்பேன்," என்று சிரித்துவிட்டு அவர் போய்விட்டார்.

அடக்கம் என்று நினைத்தாள் அவள். பதினேழாவது புதுமுறை என்று தலைப்புப் போட்டு, அவர் பெயரைப் பெரிதாக எழுதினாள். இந்த வளாகத்தில் உண்மையில் பலன் தந்தது இது ஒன்றுதான் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

குழுவின் முன்னால் அதை வாசித்தபோது, வந்திருந்தவர்களில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்து, "இந்தக் கல்லூரிக்கு முதல்வர் நீங்களா, மணியடிக்கிறவரா?" என்று முதல்வரைக் கேட்டார். முதல்வரும் சிரித்தார். மறுநாள் காலை பாலையாவுக்கு வேலை நீக்க நோட்டீஸ் வந்தது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். கணக்கு வேறு போட்டிருந்தார்கள்: நாளுக்கு மூன்று நிமிஷம், வருஷத்துக்கு நூற்றெண்பது நாள், பதினொரு வருஷம், ஆக, அரசாங்கத்தின் தொண்ணூற்றொன்பது மணி நேரத்தை இவர் திருடிவிட்டாராம்! இடைவேளையில் திருப்பிக் கொடுத்ததை எந்த மேதாவியும் கூட்டவில்லை. சாட்சியமாக, நசீபா எழுதின பக்கத்தையே கிழித்து நோட்டீஸோடு கோத்திருந்தார்கள்.

அவள் விஸ்வேஸ்வரனிடம் ஓடினாள். "சார், நல்ல காரியம்னுதானே நான் எழுதினேன்?"

"நல்ல காரியம்தான், ஆரு இல்லைன்னா? ஆனா ஒரு பியூன் நேரத்தை நிச்சயிக்கறதாவது! அடுத்த வாரம் மின்சார மணி வர்றது. பதினேழாவதா அதைப் போட்டுடு. பதினேழுன்னு சபையில சொல்லியாச்சு, எண்ணிக்கை குறையப்படாது."

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்கிற ஜாதி. நசீபாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர் மேல் பாதி, தன் மேல் மீதி.

விசாரணை நாளில் அவளையும் கூப்பிட்டார்கள். சுவரோரம் பாலையா கைகட்டி நின்றார். முதல்வர் அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டி, இது நீ எழுதினதுதானே என்றார்.

"நான்தான் எழுதினேன். ஆனா அது பொய். நானே இட்டுக்கட்டினது," என்றாள் நசீபா.

அப்படியானால் ஆய்வு ரத்தாகும், பட்டமும் போகும் என்றார் முதல்வர்.

"போகட்டும் சார்."

முதல்வர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பொய் என்றால் கல்லூரியின் மானம் தப்பும். பியூன் தப்பினாலும் அவருக்கு நஷ்டமில்லை. பேனாவை எடுத்தார். பாலையா இன்னும் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும்.

"பொய்யில்ல சாரே," என்றார் பாலையா. "பதினொரு கொல்லம் அறிஞ்சுதான் செஞ்சேன். படகு கண்ணுக்கு நேரா வருது. பிள்ளைங்க பொஸ்தகத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு எழும்பி நிக்கிறது இங்கிருந்தே தெரியுது. அதைப் பாத்துக்கிட்டு அடிக்க எனக்குக் கை வரலை. உங்களுக்கு வரும்னா நீங்க அடிங்க."

வேலை போயிற்று. வராந்தாவில் நசீபா அழுதுகொண்டே அவர் பின்னால் ஓடினாள். "ஏண்ணே இப்படிச் செஞ்சீங்க? சும்மா நின்னிருந்தா தப்பிச்சிருப்பீங்களே!"

பாலையா திரும்பினார். அந்த முகத்தில் அவ்வளவு கோபத்தை அவள் பார்த்ததே இல்லை. "எழுதுறப்பவும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அழிக்கிறப்பவும் கேக்கல. நான் என் சீவிதத்துல செஞ்ச ஒரே நல்ல காரியம் அது. அதைப் போயி பொய்யின்னு சொல்றியே மோளே, நீ ஆரு?"

அவர் படியிறங்கி ஜெட்டிப் பக்கம் நடந்தார்.

அவள் எழுதினது பொய்யில்லை என்றானதால் ஆய்வு ரத்தாகவில்லை; ஆய்வேடு அச்சாகி வந்தது. பதினேழாவதாக மின்சார மணியைப் போட்டு, அவள் கையெழுத்துப் போட மறுத்த பக்கத்தை விஸ்வேஸ்வரனே எழுதிக்கொண்டார். மின்சார மணி ஒரு திங்கட்கிழமை, ஒன்பது முப்பதுக்கு ஒரு நொடி பிசகாமல் அலறியது. அப்போது படகு ஜெட்டிக்கு இன்னும் நூறு அடி தூரத்தில் இருந்தது. முப்பத்தொரு பிள்ளைகள் இறங்கி ஓடினார்கள், முப்பத்தொரு பேருக்கும் வருகை இல்லை.

முதலாம் வருஷத்துச் சுலைஹா, வகுப்பு வாசலிலிருந்து துரத்தப்பட்டு, மூச்சிரைக்க நசீபாவிடம் வந்து நின்றாள். "இத்தா, இன்னிக்கு மட்டும் ஏன் மணி சீக்கிரம் அடிச்சிட்டாங்க?"

"சீக்கிரம் இல்ல சுலைஹா, சரியாத்தான் அடிச்சுது," என்றாள் நசீபா. "இனிமே தினமும் சரியாத்தான் அடிக்கும். அதைச் செஞ்சது நான்தான்."