பவளம் என்று பேர் வந்த விதம்

பிரசவ அறைக்கு வெளியே பஸ் டிரைவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. குழந்தை பிறந்துவிட்டதாம், அழுகைச் சத்தம்தான் வரவில்லை. கதவு இடுக்கில், நர்ஸின் கையில் நீலம் பாரித்த சின்ன உடம்பு தெரிந்தது. மனைவியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டித் தேடிய பெயர்களில் ஒன்றுகூட நினைவில் இல்லை. நர்ஸ் குழந்தையின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

திடீரென்று வீலென்று ஒரு கத்தல்.

“பாருங்க, பவளமாட்டம் செவந்துட்டா!” நர்ஸ் தூக்கிக் காட்டினாள்.

மனைவி அசதி தெளிந்து கண் திறந்ததும், “பேரு பவளம்,” என்றான்.

“அப்ப நம்ம பேசி வச்ச பேரெல்லாம்?”

“அதெல்லாம் அடுத்ததுக்கு வச்சுக்கலாம். இவ செவந்தத நீ பாக்கல,” என்றபடி தொட்டில் பக்கம் திரும்பினான்.

சாயங்காலம் வரை தொட்டிலை விட்டு நகராமல், அந்தச் சிவப்பு மாறுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தான்.