இருபதடி உயரத்தில் நின்ற ரயில்

தூசி படிந்த முன்கண்ணாடிக்குப் பின்னால் நீலம் வெளுத்த ஓட்டுநர் இருக்கை, துளசிமணி அதில் கடைசியாக உட்கார்ந்து பதினோரு வருஷம் ஆகிறது, உக்காருங்கக்கா, பிரேக் எங்க இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியுமாமே என்கிறான் கிரேன்காரன், பூங்காவின் மோனோ ரயிலை இன்று பிரித்து எடுத்துப் போகிறார்கள், கைப்பிரேக்கை விடுவித்தால்தான் பெட்டிகள் நகரும், அது தெரிந்தவள் இப்போது அவள் ஒருத்திதான் என்பதால் குளியல் உடை வாடகைக்குக் கொடுக்கும் கவுண்டரிலிருந்து கூப்பிட்டு வந்துவிட்டார்கள், ஐம்பத்தாறு வயது முழங்கால் நாற்பது படி ஏறியதில் விண்விண் என்று தெறிக்கிறது, செத்த பொறு தம்பி என்று சொல்லி உட்கார்ந்ததும் கை தானாகவே வேகப்பிடியின் மேல் போய் விழுகிறது, கீழே கோயமுத்தூர் ரோடு, தண்ணீர்ச் சறுக்கல்கள், படகு விடும் குளம், எல்லாம் முன்பு இந்த ரயிலை ஓட்டிக்கொண்டு அவள் சுற்றிச் சுற்றி வந்தவை, ஒரு நாளைக்கு நாற்பது சுற்று, ஏறிய இடத்திலேயே இறக்கிவிடுகிற ரயிலில் எங்கே போய்விட முடியும்.

ஹெல்முட் அப்படித்தான் சொல்லிச் சிரித்தார், ஜெர்மனியில் மூடிப்போன ஒரு பூங்காவிலிருந்து இந்த ரயிலை வாங்கியபோது அதைப் பூட்டிக் கொடுக்கக் கூடவே வந்தவர், அங்கே இதே இருக்கையில் இருபத்தாறு வருஷம் இருந்தவர், நீலப் பெயின்டைச் சுரண்டினால் அந்தப் பூங்காவின் பேர் மஞ்சளில் தெரியும், தேநீர் நேரத்தில் உடைந்த ஆங்கிலத்திலும் கைஜாடையிலுமாகப் பேசுவார், அவர் சின்னப் பையனாக இருந்தபோது நாளைய நகரம் என்று பத்திரிகைகளில் படம் போடுவார்களாம், தெருக்களுக்கு மேலே ஒற்றைத் தண்டவாளம், அதில் சரசரவென்று போகும் ரயில், பொருட்காட்சிகளில் அதை ஓட்டிக் காட்டினால் ஊரே வரிசையில் நிற்குமாம், ஆனால் பெரும்பாலான நகரங்கள் பார்த்துக் கைதட்டியதோடு சரி, வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்கள்தான், பிறகு ஜனங்களுக்குத் தலைகீழாகத் தூக்கிப்போடும் ராட்டினங்கள் பிடித்துப்போயின, உதிரி பாகம் செய்த கம்பெனிகள் ஒவ்வொன்றாக நின்றன, ஒரு பூங்கா இன்னொன்றுக்கு விற்கும், அது வேறு பெயின்ட் அடிக்கும், கடைசியாக எங்கே போகும் என்று அவள் கேட்டதற்கு அவர் ரயிலைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டார், ஊருக்குப் போன மூன்றாம் வருஷம் இறந்துபோனார்.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய மே மாதம், உச்சி வெயில், குளத்துக்கு நேர் மேலே ரயில் நிற்கிறது, கரண்ட் இல்லை, ஏசி இல்லை, கதவு கரண்டில்தான் திறக்கும், திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல்கள், உள்ளே முப்பத்திரண்டு பேர், வாக்கிடாக்கியில் மேற்பார்வையாளர் அருணகிரியின் குரல் வருகிறது, அஞ்சே நிமிசம், ஜெனரேட்டர் போட்டுட்டே இருக்கறாங்க, கண்ணாடி மேல மட்டும் கை வெச்சுராதீங்க, அது நம்ம ஊர்ல கெடைக்காது, சரிங்க என்றாள் துளசிமணி, பத்து நிமிஷம் கழித்தும் அதே அஞ்சு நிமிசம், சட்டையைக் கழற்றி விசிறினார்கள், ஒரு பெரியவர் வாந்தி எடுத்தார், பின்பெட்டியிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து நகர்ந்து வந்தாள், அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை, அக்கா, கொழந்தை கண்ணத் தொறக்க மாட்டேங்குது என்றாள், துளசிமணி குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது, அவள் தீயணைப்பு உருளையைச் சுவரிலிருந்து கழற்றி எல்லாரையும் முகத்தை மூடச் சொன்னாள், முதல் அடிக்குக் கண்ணாடி அசையவில்லை, மூன்றாவதுக்கு உடைந்தது, அப்புறம் அடுத்தது, அடுத்தது, பதினாறு ஜன்னலையும் உடைத்தாள், காற்று வந்தது, முக்கால் மணி கழித்துத் தீயணைப்பு வண்டி ஏணியோடு வந்தபோது குழந்தை முனகிக்கொண்டிருந்தது, மறுநாள் ஆஸ்பத்திரியில் பால் குடித்ததாகச் சொன்னார்கள்.

கண்ணாடி கிடைக்கவில்லை, கேட்டு எழுத ஹெல்முட்டும் இல்லை, ரயிலை நிலையத்துக்கு இழுத்து வந்து நிறுத்தியதோடு சரி, அவளைக் கவுண்டருக்கு மாற்றினார்கள், யாரும் திட்டவில்லை, ரயிலை நிறுத்துன அம்மா என்று மட்டும் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அடையாளம் சொன்னார்கள், ஈர உடைகளைப் பிழிந்து மடித்துக்கொண்டிருக்கையில் நினைப்பாள், இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்திருந்தால் கரண்ட் வந்திருக்குமோ, அவசரப்பட்டுவிட்டோமோ, பதினோரு வருஷமாக அந்த அஞ்சு நிமிஷம் முடியவே இல்லை.

இப்போது படியில் மூச்சு வாங்கும் சத்தம், அருணகிரி, போன வருஷம் ஓய்வு பெற்றுப் போனவர், ரயிலைப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தாராம், கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பேச்சு வெயில், முழங்கால், மகள் கல்யாணம் என்று போய் நின்றுவிடுகிறது, பிறகு அவளைப் பார்க்காமலே சொல்கிறார், அன்னைக்கு ஜெனரேட்டர்ல டீசலே இல்லீங்க, பொறுங்கன்னு உங்ககிட்ட சொன்னப்பவே எனக்குத் தெரியும், யார்கிட்டயும் சொல்லாதேன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க.

அப்ப கரண்ட் வந்திருக்காதுங்களா, என்று துளசிமணி கேட்கிறாள்.

வந்திருக்காதுங்க.

கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே, குனிந்து இருக்கைக்கு அடியில் கைவிட்டு, துருப்பிடித்த பிடியை இரண்டு கையாலும் இழுத்தாள், விடவில்லை, அருணகிரி பக்கத்தில் மண்டியிட்டுத் தானும் பிடித்தார், சேர்ந்து இழுத்தார்கள், ரயில் ஒரு சாண் நகர்ந்தது, கீழே கிரேன்காரன் விசில் கொடுத்தான், இறங்கும்போது அருணகிரி ஒவ்வொரு படியிலும் நின்று நின்று கால் வைத்தார், அவரை முன்னால் விட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டே பின்னால் இறங்கினாள், நாளைக்கு வர மாட்டேன்னு ஆபீஸ்ல சொல்லிருங்க என்றாள், லீவா என்று கேட்டார், இல்லீங்க, போதும் என்றாள், புங்கமரத்தடிச் சிமென்ட் பெஞ்சில் சாய்ந்தாள், மேலே இரும்பு அறுபடுகிற சத்தம் காதைத் துளைத்தது, அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே, பட்டப்பகலில், வாயைத் திறந்தபடி அவள் தூங்கிப்போயிருந்தாள்.