பாலோவிலிருந்து பேஸ் பேசுகிறது

செனாய் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றி இறக்கும் பாசித் பாயின் பதினோரு பஸ்களும் மலரின் வாய்க்குக் கட்டுப்பட்டவை. எந்த பஸ் எந்தத் தொழிற்சாலை வாசலில் நிற்கிறது, எது சிக்னலில் மாட்டிக்கொண்டு முழிக்கிறது என்று ஆபீஸ் ரேடியோவில் கேட்டு, விரட்டி, கெஞ்சி நடத்துகிறவள் அவள்தான். டிரைவர்கள் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ரேடியோ பாஷையில் ஆபீஸுக்கு உள்ள பேரையே வைத்து 'பேஸ்' என்பார்கள். நாலாம் நம்பர் பஸ்ஸை ஓட்டும் வசந்தனும் அப்படித்தான் கூப்பிடுவான். இத்தனைக்கும் அவளுக்குத் தாலி கட்டியவன் அவன்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து மலர் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. தங்கியதாவது சும்மா இருந்ததா? நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, படுத்தே கிடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடியுமுன் பஸ் எடுக்கப் போகிறவன் எப்படிப் பார்த்துக்கொள்வான்? அம்மா காளியம்மா வந்து, கையோடு பாலோவில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள்.

"வேற பிள்ளைய போட்டுக்கவா மலரு?" என்று பாசித் பாய் போனில் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "வேணாம் பாய், நான் ஒரு வழி பண்றேன்" என்றாள். ரேடியோ அலை பாலோ வரைக்கும் எட்டாது, வாஸ்தவம். இன்டர்நெட் எட்டுமே! ஜொகூர் பாருவில் ரேடியோ கடை வைத்திருக்கும் லோஷினியை அவளே பிடித்தாள். லோஷினி ஆபீஸ் ரேடியோவோடு ஒரு சின்னப் பெட்டியை இணைத்து, அதை இன்டர்நெட்டில் கோர்த்து, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பாலோவுக்கே வந்துவிட்டாள்.

"பஸ்ல பேசறது ஆபீஸ் ரேடியோவுக்கு வரும்க்கா. அங்கேருந்து பெட்டி வழியா உங்க லேப்டாப்புக்கு வந்துடும். நீங்க பேசணும்னா ஸ்பேஸ் பாரை அமுக்கிப் பிடிச்சிட்டுப் பேசுங்க. விட்டாத்தான் அவங்க பேசறது கேக்கும். அவ்ளோதான் லா."

பாய் ஒரு காலை மட்டும் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். சரிப்பட்டு வரவில்லை என்றால் வேறு ஆள்தான், கோவித்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அந்தக் காலை நன்றாகத்தான் தொடங்கியது. "பேஸ், நாலு. ஸ்கூடாய் தாண்டியாச்சு" என்று வசந்தன் குரல் தலைமாட்டில் ஒலித்தபோது மலருக்கு உடம்பெல்லாம் சிரித்தது. ஆனால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தவளுக்கு ஒவ்வொரு தடவையும் எட்டி ஸ்பேஸ் பாரை அமுக்கத் தோள் கடுத்தது. திரையில் துழாவினாள். குரல் கேட்டால் மைக் தானே திறந்துகொள்ளும் என்று ஒரு வசதி இருந்தது. அடடே, இதை ஏன் இந்தப் பெண் சொல்லவில்லை என்று தட்டிவிட்டாள். லோஷினியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் மலரா?

காளியம்மா கஞ்சியோடு உள்ளே வந்தாள். போனைப் பார்த்தால் பிள்ளைக்கு ஆகாது என்று அதை ஏற்கெனவே அடுப்படியில் கொண்டுபோய் வைத்திருந்தாள்.

"ஏண்டி, படுத்துக் கெடக்கறப்பகூட இந்த வேலயக் கட்டிக்கிட்டு அழணுமா? ஒம் புருசன்தான் என்ன ஆளு! போன் போட்டா சாப்ட்டியாங்கறான், வெச்சிடறான். மரக்கட்டை!"

"அவருக்கு போன்ல பேச வராதும்மா. ஆனா ரேடியோல 'பேஸ், நாலு'ன்னு கூப்பிடுவாரு பாரு, அதுலயே எனக்குத் தெரிஞ்சிடும். முதுகு வலிக்குதா, பசியோட ஓட்டறாரா, எம்மேல கோவமா, எல்லாம். அந்தக் குரல் காதுல விழலேன்னா எனக்கு விடிஞ்ச மாதிரியே இல்லம்மா. வேலைக்காகவா பாய்கிட்ட இப்படிக் கெஞ்சறேன்? அதுக்குத்தான்."

காளியம்மா அதோடு விட்டாளா? மருமகனின் குறட்டையில் தொடங்கி, கல்யாணத்தில் ரெண்டு பந்தி சாப்பிட்ட ஆறாம் நம்பர் கனகராஜ் வரைக்கும் ஒருவரையும் மிச்சம் வைக்கவில்லை. யார் விடாமல் பேசினாலும் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆபீஸ் ரேடியோ தாங்காது, தானே அறுத்துவிடும். அவள் அடுத்த வார்த்தையை எடுத்ததும் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஒரு டிரைவரும் கூப்பிடக் காணோமே, நமக்குச் சிரமம் தரக் கூடாதென்று இருக்கிறார்கள் பாவம் என்று மலர் உருகிப்போனாள்.

அடுப்படியில் போன் அலறியது. காளியம்மா எடுத்து வந்து நீட்டினாள். பாசித் பாய்.

"அலமாக், மலரு! நீயும் ஒங்கம்மாவும் பேசினது பதினோரு பஸ்ஸுலயும் கேட்டுச்சு. கனகராஜுக்குக் கூலாய் கிட்ட டயர் வெடிச்சு, ரேடியோல சொல்ல வழியில்லாம எனக்கு போன் போட்டுட்டு நடு ரோட்டுல நிக்கறான். ஒரு காலைன்னு சொன்னேன், பாத்தாச்சு. போதும்மா."

மலருக்கு வெட்கப்படக்கூட நேரமில்லை. "பாய், ரெண்டு நிமிஷம், வெச்சிடாதீங்க" என்று அந்தப் பாழாய்ப்போன வசதியை அணைத்துவிட்டு ஸ்பேஸ் பாரை அமுக்கினாள்.

"ஆறு, பேஸ். எங்க நிக்கிறீங்க?"

"பேஸ், ஆறு. கூலாய் மேம்பாலத்துக்குக் கீழ. ரெண்டு பந்தி சாப்ட்டவன்தான் பேசறேன்."

மன்னிப்புக் கேட்கப் போனவள் அதை விழுங்கிக்கொண்டாள். யார் ஆள் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். "நாலு, காலியாத்தானே வர்றீங்க? கூலாய்ல ஆறோட ஆளுங்கள ஏத்திக்கிட்டு நேரா பேக்டரிக்குப் போங்க. எட்டு, நாலோட அடுத்த டிரிப்ப நீங்க எடுத்துக்குங்க." பதில்கள் மளமளவென்று வந்தன. பாய் போனை வைக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஷிப்ட் மணிக்கு முன்னால் வசந்தன் கூப்பிட்டான். "பேஸ், நாலு. எல்லாரையும் வாசல்ல எறக்கியாச்சு."

அத்தோடு அவன் பட்டனை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. பஸ்ஸின் இன்ஜின் உறுமல் வந்துகொண்டே இருந்தது.

"மலரு." ரேடியோவில் அவன் அவள் பேரைச் சொன்னதே இல்லை. "நீ இல்லாம வீட்டுக்குள்ள கால் வைக்கவே புடிக்கல. போனை எடுத்தா நாக்கு ஒட்டிக்குது. இங்கன்னா பேச வருது, என்ன செய்யறது? நீ அங்கேருந்தே கூப்புட்டுக்கிட்டு இரு. எனக்கு அது போதும்."

"சானல்ல குடும்பம் நடத்தறீங்களா ரெண்டு பேரும்?" என்று பாய் போனில் கத்தினார். கத்தலில் காரம் இல்லை. "நாளைக்கும் சீக்கிரமே உக்காந்துடு. பட்டன்ல கை வெச்சுத்தான் பேசணும், கேட்டுக்க."

மலர் பதில் சொல்ல ஸ்பேஸ் பாரை அமுக்கினாள். வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது. பதினோரு பஸ்ஸும் கேட்டுக்கொண்டிருக்கும் என்று இந்த முறை அவளுக்கு நன்றாகவே தெரியும். கையை எடுக்கவில்லை.