சிரித்துக்கொண்டே திரும்பி வந்தவன்

கும்பளங்கிக் காயலில் முங்கிச் செத்த இசக்கிமுத்து, இரண்டாம் வருஷம் இஞ்சி விலை ஏறிய மாசத்தில், மட்டாஞ்சேரியில் தன் பெண்டாட்டி நடத்தும் இஸ்திரிக் கடைக்குச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். அவனை வரவழைத்தது அந்தப் பெண்டாட்டி சுபாஷிணி எழுதிய கதை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் தேவராவிலிருந்து வெங்கிடராமன் என்றொரு வாத்தியார் வந்து அந்தத் தெருக்காரர்களுக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுக்கிறேன் என்று வருகிற எவனையும் பாதிதான் நம்ப வேண்டும். சுபாஷிணி முழுசாக நம்பினாள். "படிக்கறவாளுக்கு ஆளைப் பிடிக்கணும், கேட்டேளா? கோணல்மாணலை எல்லாம் எடுத்துடுங்கோ" என்றார் அவர். சுருக்கம் எடுப்பதுதானே அவள் பிழைப்பு. எப்போதும் சிரித்த முகம், அதிர்ந்து பேசாதவன், அவளுக்கு மீன் வாங்கப் போன வழியில் படகு கவிழ்ந்தது என்று புருஷனைப் பற்றிக் கைபேசியில் தட்டி முடித்தாள். மறுநாள் காலை தேய்க்கிற மேசைக்குப் பக்கத்தில் அவன் நின்றான். தெருவில் யாரும் அலறவில்லை. ரேஷன் கார்டில் வெட்டிய பேரை மறுபடி சேர்க்க என்ன வழி என்று மட்டும் ரெண்டு பேர் விசாரித்தார்கள்.

அவன் தூங்கும்போதும் சிரித்தான். பல்லில் ஈ வந்து உட்கார்ந்தது. ஒரு வாரம் போட்ட சட்டையில் காலர் அழுக்கில்லை, கக்கத்தில் வியர்வையில்லை, ஒரு மடிப்பு கசங்கவில்லை. தேய்க்க ஒன்றுமில்லாத அந்தச் சட்டையைக் கையில் பிடித்தபோதுதான் அவளுக்கு முதல் தடவை பயம் வந்தது.

எதிர்ச் சாயாக்கடை யூசுப் ஒளிக்காமல் சொன்னார்: "சேச்சி, இது உங்க ஆளா? அவன் என் மேல கிளாஸை வீசினவனாக்கும். இது போட்டோவுக்கு நிக்குற மாதிரியில்ல நிக்குது!"

"வாயை மூடுங்க இக்கா. இப்பத்தான் மனுசன் அடங்கி வீட்டுல இருக்காரு."

மூன்றாம் வாரம் உதட்டோரம் வெடித்தது. ரத்தம் வரவில்லை, காகிதம் கிழிந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. சிரித்தபடியே அவன், "வலிக்குது புள்ள" என்றான்.

எதை எழுதினால் அந்த வாய் மூடும் என்று சுபாஷிணிக்குத் தெரியும். எழுதினால் அவன் தங்க மாட்டான் என்பதும் தெரியும். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு எழுதினாள். அவன் கை ஓங்கியதை எழுதினாள், கிளாஸ் வீசியதை எழுதினாள். மீனுக்கு அல்ல, கும்பளங்கியில் கமலாக்ஷியோடு குடியிருக்கத்தான் பையோடு படகேறினான் என்று எழுதினாள். அந்தப் பையில் வைத்த சட்டைகளைத் தேய்த்துக் கொடுத்தது தானே என்பதையும் விடவில்லை.

வாய் மெல்ல மூடிக்கொண்டது. சாயாவை ஒரு மடக்கு குடித்து, "இது என்னடி, கழுநீரா?" என்றான். பையை எடுத்தான். இந்தத் தடவை பஸ்ஸில் போனான்.

எழுதியதை வாத்தியாரிடம் காட்டினாள். இந்த ஆளை ஒருத்தருக்கும் பிடிக்காது என்றார். அதோடு அவள் வகுப்பை நிறுத்தினாள், எழுத்தை நிறுத்தவில்லை.

இப்போதெல்லாம் கமலாக்ஷி அவன் சட்டைகளைத் துவைத்து ஆட்டோவில் கொடுத்துவிடுகிறாள். கும்பளங்கியில் இப்படித் தேய்க்க ஆளில்லையாம். சுபாஷிணி ஒவ்வொன்றாக உதறி விரிக்கிறாள். கக்கத்தில் துவைத்தும் போகாத மஞ்சள் கறை இருக்கிறது. அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியை வைக்கிறாள்.